மூக்கில் போகும் வல்லினம்

(நாகர்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்த்துறைச் சொற்பொழிவுக்கு ஒரு ஸ்பீச் தெரபிஸ்டைக் கூப்பிடுகிறார்களே, ஆள் மாறிப் போயிற்றோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், நான் பிழைப்பு நடத்துவதே க ச ட த ப ற-வை வைத்துத்தான். எழுத்ததிகார வகுப்பில் உங்களில் பாதிப் பேருக்குத் தூக்கம் வரும் என்று கேள்வி. எனக்கு அது சோறு போடுகிற பாடம். ஆகவே கூச்சமில்லாமல் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் வந்தார். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை. இடுப்பில் நாலு வயதுப் பையன். அண்ணப்பிளவோடு பிறந்தவன். ஒரு வயது தாண்டியதும் அறுவை செய்தாயிற்று. டார்ச் அடித்துப் பார்த்தேன், தையல் அழகாக ஆறியிருந்தது. அறுவை செய்தவர் கைக்கு மோதிரம் போடலாம். தாயின் குறை வேறு. "எல்லாம் சரியாப் போச்சு டீச்சர். ஆனா இவன் அப்பாவ மட்டும் கூப்பிட மாட்டேங்கான். அவுக பக்கத்துல இருந்தாலும் அம்மா அம்மான்னு என்னையதான் கூப்பிடுகான்."

அந்த அப்பா ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போகிறவர். போனால் ஒரு மாதம், ஒன்றரை மாதம். பிள்ளைக்குத் தகப்பன் மேல் ஒட்டுதல் இல்லை என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். தகப்பனுக்கும் அந்த வருத்தம் உண்டு என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அலைபேசியில் அப்பாவின் படத்தை எடுத்துக் காட்டி, "யாரு மக்ளே இது?" என்று கேட்டேன். பையன் உதடு இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்தான். காற்றையும் சேர்த்தான். அது மூக்கு வழியாகப் போய்விட்டது. வந்த சொல் "அம்மா". ஆனால் கண் படத்தின் மேல்தான் இருந்தது. அவன் இத்தனை நாளும் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நம் மேலண்ணத்தின் முன்பகுதி எலும்பு, பின்பகுதி தசை. மூச்சு விடும்போது அந்தத் தசை தளர்ந்து தொங்கும். 'ப' சொல்ல வேண்டுமானால் அது மேலெழுந்து தொண்டையின் பின்சுவரோடு சேர்ந்து மூக்குக்குப் போகும் வாசலை அடைக்க வேண்டும். அடைத்தால்தான் வாய்க்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால்தான் உதடு திறக்கும்போது வெடிக்கும். வாசல் அடையாவிட்டால் அதே உதடு, அதே இடம், ஆனால் காற்று மேலே போய் 'ம' ஆகிவிடும். 'த' சொல்லப் போனால் 'ந' வரும். 'ட' போய் 'ண' வரும். 'க' போய் 'ங' வரும். எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு ஓர் அட்டவணை உண்டு. நான் அதை மனப்பாடம் செய்யச் சிரமப்பட்டதே இல்லை. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று மூன்றாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டது அதேதான். வல்லினம் வழுக்கினால் விழுகிற இடம் அதன் இனவெழுத்து.

தொல்காப்பியத்துப் பிறப்பியல் எழுத்துப் பிறக்கும் இடங்களில் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா ஆகியவற்றோடு மூக்கையும் அண்ணத்தையும் சேர்த்து எட்டு சொல்கிறது. மெல்லெழுத்து ஆறும் தத்தம் இடத்தில் பிறந்தாலும் மூக்கின் காற்றால் இசைக்கும் என்று தனியாகப் பிரித்தும் சொல்கிறது. அந்த நூலைக் கேட்டு ஒப்புதல் தந்தவர் அதங்கோட்டு ஆசான் என்பது பாயிரம் தரும் செய்தி. அந்த அதங்கோடு நம் விளவங்கோட்டு அதங்கோடுதான் என்பது இந்த ஊர்க்காரர்களின் உரிமைப் பேச்சு. அறிஞர்கள் வழக்காடட்டும். எனக்கு அந்த உரிமை பிடித்திருக்கிறது.

இதையும் கவனியுங்கள். அம்மா, மாமா, மாமி, அண்ணன்: இவர்கள் மூக்குப் பக்கத்துச் சொந்தம். அண்ணப்பிளவு இருந்தாலும் இவர்களுக்குச் சேதமில்லை. அப்பா, அக்கா, அத்தை, ஆச்சி, பாட்டா, தாத்தா, சித்தப்பா: இவர்கள் எல்லோரும் வல்லினச் சொந்தம். அதுவும் இரட்டித்த வல்லினம். தமிழில் சொல்லுக்கு நடுவே ஒற்றையாக வரும் வல்லெழுத்து நெகிழ்ந்து ஒலிக்கும். இரட்டித்தால்தான் முழு அழுத்தம் கேட்கும். ஆக, குழந்தை முதல் மூன்று வருடத்தில் கூப்பிட வேண்டிய ஆட்களில் பாதிப் பேரை அவனால் கூப்பிட முடியாது. சித்தப்பா என்கிற ஒரே சொல்லில் மூன்று இடத்தில் தடுக்கி விழ வேண்டும்.

700 பிரசவத்துக்கு ஒரு குழந்தை உதட்டிலோ அண்ணத்திலோ பிளவோடு பிறக்கிறது என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் பொதுக் கணக்கு. நம் ஊரில் இதற்குக் கிரகணம் என்று பேர். கர்ப்பிணி கிரகணத்தன்று வெளியே வந்தாள், கத்தியைத் தொட்டாள், பிள்ளைக்கு உதடு வெட்டிவிட்டது. பழி எப்போதும் தாய் மேல். மூளி என்கிற வசவும் உண்டு. அதே ஊர்தான் பாலாடையையும் வைத்திருந்தது. மார்பில் உறிஞ்ச முடியாத பிள்ளைக்குப் பாலாடையில் சிறுகச் சிறுகப் புகட்டுவதைப் பெரிய மருத்துவமனைகளே இன்று சொல்லிக்கொடுக்கின்றன. கிரகணக் கதையும் பாலாடையும் ஒரே ஆச்சியிடமிருந்து வந்தவை. இரண்டையும் சேர்த்து எறிந்துவிடக் கூடாது.

அறுவையைப் பொறுத்தவரை நிலைமை என் சின்ன வயதோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். 1959இல் திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனைக்கு வந்த பார்சி மருத்துவர் எச்.எஸ். அடேன்வாலா, தம் ஆசிரியர் சார்லஸ் பின்டோவின் பெயரில் அங்கே ஒரு பிளவுச் சிகிச்சை மையத்தை வளர்த்தெடுத்தார். ஸ்மைல் ட்ரெய்ன் அமைப்பு 2000 முதல் இந்தியாவில் இலவச அறுவைக்குப் பணம் தருகிறது. உத்தரப் பிரதேசத்துச் சிறுமி ஒருத்தியின் உதட்டு அறுவை பற்றி வந்த ஸ்மைல் பிங்கி ஆவணப்படம் 2009இல் ஆஸ்கர் வாங்கியது. காசில்லை என்பதற்காக மட்டும் உதடு தைக்காமல் வளர வேண்டிய கட்டாயம் இன்று நம் பிள்ளைகளுக்கு இல்லை.

சிக்கல் படமாகக் காட்டுவதிலேயே இருக்கிறது. முன்பு, பின்பு என்று இரண்டு புகைப்படம் போட்டால் உதடு சரியானது ஊருக்கே தெரியும். அண்ணம் வாய்க்குள் இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று தெரிய ஒலியைக் கேட்க வேண்டும். நன்கொடை கேட்கும் துண்டறிக்கையில் ஒலியை அச்சிட முடியாது. அதனால் கோப்பு அறுவையோடு மூடப்படுகிறது.

அறுவையும் நேரத்தில் நடக்க வேண்டும். இதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1980களில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையைச் சேர்ந்த மைக்கேல் மார்ஸ் இலங்கையின் காலியில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அறுவையே செய்யாமல் வளர்ந்துவிட்ட பதின்வயதினரும் பெரியவர்களும் அங்கே வந்தார்கள். அண்ணம் தைக்கப்பட்டது. பேச்சு? டெபி செல், பமீலா கிரன்வெல் இருவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு, காலம் தாழ்ந்த அறுவை பேச்சைத் தானாகத் திருத்திவிடாது என்று காட்டியது. வாசல் பூட்டு மாற்றினாலும் பத்துப் பதினைந்து வருடம் பின்வாசலில் நடந்து பழகிய கால் அந்தப் பக்கம்தான் போகும்.

அந்தப் பின்வாசலையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை ஊமையல்ல, புத்திசாலி. வாயில் அழுத்தம் நிற்காது என்று கண்டுகொண்டதும் இன்னும் கீழே, குரல்வளையிலேயே காற்றை முட்டி நிறுத்தி ஒரு வெட்டு ஒலி உண்டாக்கிக்கொள்ளும். 'க'வுக்கும் அதுதான், 'ட'வுக்கும் அதுதான், 'ப'வுக்கும் அதுதான். அறுவைக்குப் பிறகு அண்ணம் நன்றாக அடைத்தாலும் இந்தப் பழக்கம் போகாது. இதைத் திருத்துவதற்குத்தான் பேச்சுப் பயிற்சி. பலூன் ஊதுவது, மெழுகுவத்தி அணைப்பது, சோப்புக் குமிழி விடுவது எல்லாம் இதற்குப் பயன்படாது. ஊதுகிற தசை வேலை வேறு, பேசுகிற தசை வேலை வேறு. எத்தனை வீட்டில் பலூன் பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடுங்கள், நல்லது. 'ப' வேண்டுமானால் 'ப'வைத்தான் பழக வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. அறுவைக்குப் பிறகும் அண்ணம் குட்டையாக இருந்து வாசல் எட்டாமல் போவது. அந்தப் பிள்ளையை ஆயிரம் தடவை 'அப்பா' சொல்லச் சொன்னாலும் வராது, சொல்லச் சொல்வது கொடுமை. மூக்கு வழியாகக் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் இரண்டாம் அறுவை. இது அலைபேசியால் ஆகிற காரியமில்லை. தொழில்நுட்பம் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இந்த எல்லையைக் கோடு கிழித்து வைத்துவிடுகிறேன். முதல் சோதனை நேரில்தான். காதையும் அப்போதே பார்க்க வேண்டும். அண்ணத்துத் தசைதான் நடுச்செவிக்குக் காற்றுப் போகும் குழாயையும் திறந்துவிடுகிறது. அது சரியில்லாவிட்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டும். கேளாத ஒலியைப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

நேரில் போவது என்றால் எங்கே? நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு வைத்தியம் என்றால் ஒன்று நெய்யூர், இல்லாவிட்டால் திருவனந்தபுரம் என்பது பல தலைமுறைப் பழக்கம். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப்போன மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல் அந்த நெய்யூரில்தான் இருபது ஆண்டுக்கு மேல் கத்தி பிடித்தார். இரண்டாம் பயணத்தில் மலையிலிருந்து இறங்கும்போது தொண்டையின் உட்சவ்வு பெயர்ந்து மூச்சை அடைத்து, நெஞ்சை அழுத்தி இருமித் துப்பி உயிர் பிழைத்தவர். காற்று போகும் வழி அடைபட்டால் என்ன என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த மருத்துவருக்கும் தெரிந்திருக்காது. பேச்சுக்கு நடுவில் சும்மா சொன்னேன்.

அறுவைக்கு ஒரு தடவை, இரண்டு தடவை போனால் போதும். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை, பல மாதம். பால் வெட்டும் தாய் விடியுமுன் ரப்பர்த் தோட்டத்துக்குப் போய்விடுவார். முந்திரி ஆலையான அண்டி ஆபீசுக்குப் போகிற தாய்க்குச் சாயங்காலம்தான் ஒழியும். ஒரு நாள் பயணம் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. நாலு வாரம் வருவார்கள், ஐந்தாம் வாரம் மழை, ஆறாம் வாரம் கோயில் கொடை, பிறகு வர வெட்கப்பட்டே வராமல் இருந்துவிடுவார்கள்.

திருவனந்தபுரத்து ஆக்குளத்தில் 1997இல் தொடங்கிய நிஷ் நிறுவனம் இருக்கிறது. பேச்சு, செவித்திறன் படிப்புக்குப் பேர் பெற்ற இடம். விளவங்கோட்டிலிருந்து சென்னையை விட எவ்வளவோ பக்கம். ஆனால் அந்த ஊரின் மொழி இயல்பாகவே மலையாளம். 1956 நவம்பர் 1ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம். பஸ் வழி மட்டும் பழைய திருவனந்தபுரத்துப் பக்கமே போகிறது. பெரியவர்களுக்கு இரண்டு மொழியும் ஓடும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒலியைப் பழக்க அதன் வீட்டுச் சொல்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேச்சு, மொழி, செவித்திறன் துறைப் பேராசிரியர் ரூபா நாகராஜனும் அவரது குழுவினரும் கனடாவின் டிரான்ஸ்ஃபார்மிங் ஃபேசஸ் அமைப்பின் துணையோடு திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் கிராமத்து ஆட்களையே பழக்கி, பிளவோடு பிறந்த பிள்ளைகளின் வீட்டுக்குப் பக்கத்திலேயே பயிற்சியைக் கொண்டுபோனார்கள். தெரபிஸ்ட் திட்டம் போட்டுக் கொடுத்து மேற்பார்வை பார்ப்பார், வாராவாரம் பிள்ளையோடு உட்காருவது உள்ளூர்க்காரர். என் அனுபவத்தில் அலைபேசி வழியே நான் கொடுக்கும் பயிற்சி நிலைத்து நின்ற வீடுகளிலெல்லாம் இப்படி ஓர் ஆள் இருந்தார். அத்தையோ, அங்கன்வாடி டீச்சரோ, பக்கத்து வீட்டு பி.எட். பிள்ளையோ. ஆள் இல்லாமல் செயலியை மட்டும் இறக்கிக் கொடுத்த வீட்டில் பிள்ளை அதைத் தள்ளிவிட்டுக் கார்ட்டூன் பார்த்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இனி அந்த அலைபேசி பற்றி. 2020 ஊரடங்கில்தான் நாங்கள் எல்லோரும் வீடியோ அழைப்புக்கு வந்தோம். வந்த வேகத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். ஒரு சிறுமிக்கு மூன்று மாதமாக 'ச' சரியாக வரவில்லை என்று குறித்துக்கொண்டே இருந்தேன். நேரில் வந்தபோது 'சட்டை, சீப்பு, பச்சை' என்று கணீரென்று சொன்னாள். கேட்ட என் காதில் தப்பில்லை, நடுவில் இருந்த வழியில் தப்பு. பழைய தொலைபேசி வழி சுமார் 3,400 ஹெர்ட்சுக்கு மேலான ஒலியைக் கடத்தாது. 'ச', 'ஸ' இவற்றின் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. இன்றைய இணைய அழைப்புகள் அதிகம் கடத்தும், ஆனால் அவற்றில் இரைச்சல் நீக்கி என்று ஒன்று இருக்கிறது. மூக்கு வழியே கசியும் காற்றின் சீறலும் அதற்கு இரைச்சல்தான். நான் எதைக் கேட்க உட்கார்ந்திருக்கிறேனோ அதையே அழகாகத் துடைத்துவிட்டு அனுப்பும்.

அதற்குப் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். பழக்குவதற்கு வீடியோ அழைப்பு. மதிப்பிடுவதற்கு அலைபேசியிலேயே பதிவுசெய்து கோப்பாக அனுப்பச் சொல்வேன். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். மின்விசிறி நிற்க வேண்டும். கோழிக்கூட்டுப் பக்கம் வேண்டாம். இதில் இன்னொரு வசதி, சிக்னல் இல்லாத ஊருக்கும் இது எட்டும். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில் பதிவுசெய்து வைத்துக்கொண்டு குலசேகரம் சந்தைக்கு இறங்கும்போது அனுப்பலாம். ஒரே அலைபேசி உள்ள வீட்டில் அது அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டாலும், திரும்பிக் கரையேறிய பிறகு பயிற்சி தொடரும்.

மூக்கொலியை அளக்கும் நேசோமீட்டர் உண்டு. மேலுதட்டுக்கு மேல் ஒரு தட்டு, மேலே ஒரு மைக், கீழே ஒரு மைக், இரண்டிலும் வரும் ஒலியின் விகிதத்தைத் திரையில் காட்டும். நல்ல கருவி, விலை ஊர்ப்புறத்துக்கு எட்டாது. அது எட்டும் வரைக்கும் எட்டணாக் கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்தால் 'பாட்டா' சொல்லும்போது ஆவி படிகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைப் பிள்ளையின் மூக்கிலும் மறு முனையை அதன் காதிலும் வைத்தால், காற்று கசியும்போது புயல் மாதிரிக் கேட்கும். பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டு.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளை வைத்து மதிப்பெண் போடலாமே என்று கணினி படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். கவனம் வேண்டும். அந்த மென்பொருள் கேட்டதை எழுதுவதில்லை, சொல்ல வந்தது இதுவாக இருக்கும் என்று ஊகித்து எழுதுகிறது. தாயும் அப்படித்தான். பிள்ளை என்ன உளறினாலும் தாய்க்குப் புரிந்துவிடும். அதனாலேயே அவர் நல்ல தாய், மோசமான நடுவர். பக்கத்துத் தெருக் கடைக்காரரிடம் பிள்ளையை அனுப்பி "கால் கிலோ பருப்பு" வாங்கிவரச் சொல்லுங்கள். பருப்பு வந்தால் தேர்ச்சி.

இப்போது நான் உங்களிடம் வந்த காரியத்துக்கு வருகிறேன். இந்தப் பயிற்சிக்கு இணையத்தில் கிடைக்கும் படங்களிலும் விளையாட்டுகளிலும் எனக்குக் கண்ணில் படுவது பெரும்பாலும் ஆங்கிலம். 'பேபி', 'பப்பி', 'பை' என்று அவர்களுக்கு 'ப' வரிசை வாய்த்திருக்கிறது. படிப்பு முடித்துவந்த புதிதில் சென்னையில் அச்சிட்ட தமிழ் அட்டைகளைக் கொண்டு வந்தேன். பலாப்பழப் படத்தைக் காட்டினேன். குளச்சல் பையன் ஒருவன் "சக்கை" என்றான். அட்டையில் உள்ள சொல் வரவில்லை என்று தப்புப் போட்டேன். வீட்டுக்குப் போய் ராத்திரி யோசித்தபோது சுருக்கென்றது. அவன் 'ச'வும் சொல்லியிருக்கிறான், 'க்க'வும் சொல்லியிருக்கிறான், இரண்டும் சுத்தம். தப்பு எனக்குத்தான். நானும் சக்கை தின்று வளர்ந்தவள்தானே.

தமிழில் பயிற்சிக்கான சொற்பட்டியல் போடுவது எளிதில்லை என்பதும் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. சோதனைச் சொல்லில் மூக்கொலி ஒன்றுகூட வரக் கூடாது, வந்தால் கசிவு எதனால் என்று சொல்ல முடியாது. நம் பெயர்ச்சொற்களைப் பாருங்கள். மரம், பழம், பட்டம், புத்தகம். பப்படம் நல்ல சொல்லாயிற்றே என்று எடுத்தால் கடைசியில் ஒரு 'ம்' ஏறி உட்கார்ந்திருக்கிறது. அச்சப்பமும் அப்படித்தான். தேறியவை இவை: புட்டு, சக்கை, தோசை, சட்டி, சீப்பு, பூட்டு, உப்பு, சுக்குக்காப்பி. கடற்கரைப் பிள்ளைகளுக்கு சாளை, சூரை, சுறா. நெத்திலி பாவம், முதலெழுத்திலேயே போயிற்று. வாக்கியமாகக் கட்டினால், 'பாட்டா பருப்புச் சட்டியை எட்டிப் பார்த்தார்.' இதில் மூக்குக்கு வேலையே இல்லை, பிள்ளைக்குச் சிரிப்பும் வருகிறது. இந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒரு நாள் வேலை வாங்கியது. எனக்கு இப்படி நூறு வேண்டும். நாஞ்சில் நாட்டுக்கு, கடற்கரைக்கு, விளவங்கோட்டுக்கு என்று தனித்தனியாக வேண்டும். ஒவ்வொன்றையும் உங்கள் ஊர்க் குரலில் பதிவுசெய்து, படத்தோடு அலைபேசிக்குள் வைக்க வேண்டும்.

அரசுப் பக்கத்திலும் செய்ய இருக்கிறது. 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டம் பிறவிக் குறைகளின் பட்டியலில் பிளவைச் சேர்த்து, மாவட்டத்துக்கு ஒரு தொடக்கநிலை இடையீட்டு மையம் என்று வகுத்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறைப் பயிற்சியாளர் வீடு தேடி வருகிறார். முடங்கிய கைக்கு வீட்டு வாசலில் பயிற்சி உண்டென்றால் முடங்கிய 'ப'வுக்கு ஏன் கூடாது? தெரபிஸ்டே வர வேண்டாம். வருகிற ஊழியரின் அலைபேசியில் அந்தப் பட்டியல் இருந்து, ஐந்து நிமிடம் பதிவுசெய்து மாவட்ட மையத்துக்கு அனுப்பினால் போதும். இதை அதிகாரிகளிடம் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். உங்களை வைத்துக்கொண்டு மனுக் கொடுக்கக் கூடாது.

அந்தத் தூத்தூர்ப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். ஏழெட்டு மாதம் பிடித்தது. அவன் அத்தைதான் ஆள். தினமும் சாயங்காலம் கால் மணி நேரம். முதலில் 'ப' தனியாக வந்தது, பிறகு 'பா', 'பாப்பா', பிறகுதான் 'அப்பா'. கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வருகிற வரைக்கும் அத்தை அதைச் சொல்லவில்லை. கரையில் வைத்தே கேட்கட்டும் என்று வைத்திருந்தாராம். எனக்குப் பதிவு மட்டும் வந்தது. அலைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, மதிப்பிட லாயக்கில்லாத பதிவு. அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

வாசல் பக்கத்து மேசையில் வெள்ளைத் துண்டுச்சீட்டுகளும் பென்சிலும் வைத்திருக்கிறேன். காப்பி குடிக்கப் போகிற வழியில் ஆளுக்கு நாலு சொல் எழுதிப் போட்டுவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த சொல்லாக இருக்க வேண்டும், எந்த ஊர் என்று ஓரத்தில் குறிக்க வேண்டும், ங ஞ ண ந ம ன ஆறில் ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. மரச்சீனியை யாரும் எழுதாதீர்கள். போன தடவை நாற்பது பேர் எழுதிவிட்டார்கள்.